வர்ணம் தீட்டலுக்கு ஒரு ரியூசன்

எனக்கு வரையத் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஒருமுறை கரும்பலகையில் செங்கோண முக்கோணி ஒன்றைக் கீறிவிட்டுத் திரும்பியபோது, பின் வாங்குப் பலகையில் இருந்த ஒருத்தன் எழும்பி நின்று, "சேர், உது வள்ளமோ, பாயோ?" என்று மரியாதையாகக் கேட்டான். அப்படிப்பட்ட என்னிடம்தான் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணியில், மார்க்கண்டு தன் மகளுக்குச் சித்திரத்துக்கு வர்ணம் தீட்டப் பழக்கிவிடச் சொல்லி வந்தான்.

மருதனார்மடம் சந்தியிலிருந்து உடுவில் பக்கம் திரும்புகிற ஒழுங்கையில் என் ரியூசன் கொட்டில். கிடுகுக் கூரை, மண் தரை, பன்னிரண்டு வாங்கு. பிள்ளைகளைவிட வாங்குகள் கூடிப்போன காலம் அது. மார்க்கண்டு எனக்குப் பள்ளிக்கூடத்துத் தோழன். வெங்காயம் செய்கிறவன். முழங்கால் வரை செம்மண் காய்ந்திருக்க, சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து நின்றான்.

"மச்சான், உனக்குப் பின்னேரத்திலை நேரமிருக்கோ?"

"இப்ப என்னட்டை இருக்கிறது அது ஒண்டுதான்."

"எங்கடை அருந்ததிக்கு ஒரு மணித்தியாலம் சொல்லிக் குடு."

"முதலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்கு ரியூசனோ? முதல்லை விழுந்த பல்லு முளைக்கட்டும் மார்க்கண்டு."

"கணக்கில்லை." அவன் என்னைப் பார்க்காமல் சந்தியைப் பார்த்தான். "கலர் அடிக்க."

"என்ன அடிக்க?"

"கலரடா. கத்தரிக்காய்க்கு ஊதா, மாம்பழத்துக்கு மஞ்சள். உரத்துக் கேளாதை, ஆக்கள் போகினம்."

யாழ்ப்பாணத்தில் எல்லாவற்றுக்கும் ரியூசன் இருக்கிறதென்று வெளியூர்க்காரர் பகிடி பண்ணுவார்கள். அந்தப் பகிடியில் நானே ஒரு நாள் போய் உட்காருவேன் என்று யார் நினைத்தது? சிரித்து அனுப்பியிருப்பேன். ஆனால் அவன் சிரிக்கவில்லை.

"பகிடி விடாதை மச்சான். பிள்ளைக்கு விரலிலை பலமில்லை. பென்சில் நிக்குதில்லை. வகுப்பிலை முப்பத்தெட்டுப் பேர், முப்பத்தேழு பேர் எழுதுதுகள். பத்மாசினி ரீச்சர் சொல்லிப்போட்டா, கார்த்திகை முடியமுன்னம் ஒரு எழுத்தெண்டாலும் தன்ரை கையாலை எழுதாட்டி வாற வருசமும் முதலாம் வகுப்புத்தானாம். அது போகட்டும். இவள் இப்ப பள்ளிக்கூடமே போகமாட்டன் எண்டு நிக்கிறாள். ‘அப்பா, என்ரை கைக்கு ஒண்டும் தெரியாது’ எண்டு சொல்லுறாள். ஆறு வயசுப் பிள்ளை சொல்லுற கதையே அது?"

நான் மறுநாளே போனேன். அவன் மனைவி குணலட்சுமி வைக்கிற கத்தரிக்காய்ப் பால்கறியும் ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நான் போனபோது குணலட்சுமி கோபத்தின் உச்சியில் இருந்தாள். என் கையில் ஒரு தாளைத் திணித்தாள். கூட்டுறவுச் சங்கத்துப் பழைய படிவம். அதன் பின்பக்கத்தில் ரீச்சர் கீறி அனுப்பிய கத்தரிக்காய். வர்ணம் தீட்டுவது வீட்டுவேலை. கோட்டுக்கு வெளியே ஒரு பொட்டு இல்லை. காம்புக்குத் தனிப் பச்சை. பக்கத்தில் நிழல்கூட விழுந்திருந்தது. அதன் கீழே சிவப்பு மையில் ‘முயற்சி போதாது’ என்று எழுதியிருந்தது.

"நீங்களே சொல்லுங்கோ மாஸ்டர், இதிலை என்ன பிழை?"

"ஒரு பிழையும் இல்லை. இப்பவே பிடுங்கிச் சமைக்கலாம் போலை கிடக்கு. ஆர் செய்தது?"

மூலையில் இருந்த அருந்ததிதான் பேசினாள். "காய் அம்மா. காம்பு இராசநாயகம் மாமா. அவர் பிளான் கீறுற ஓவசியரெல்லே. நான் பாத்துக்கொண்டிருந்தனான்."

"நீ வாயை மூடு. பிள்ளைக்குக் கை நோகும் எண்டு நான் கொஞ்சம் தொட்டுவிட்டனான், அவ்வளவுதான். அதுக்கு முயற்சி போதாதாம்! விடிய வெள்ளன இருந்து ஒண்டரை மணித்தியாலம் செய்தனான் மாஸ்டர்!"

குணலட்சுமியைக் கண்டு சிரிப்பது சுலபம். நானும் சிரித்தேன். ஆனால் எண்பத்தொன்பதாம் ஆண்டில் இந்தப் பிள்ளைக்கு இரண்டு மாதம் காய்ச்சல் கிடந்ததும், ரோட்டில் வாகனம் ஓடாத நாட்களில் குணலட்சுமி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்ததும், ‘இனிக் கடவுள்தான்’ என்று டொக்டர் கைவிரித்ததும் எனக்குத் தெரியும். பிள்ளை தப்பியது. அன்றைக்குப் பிறகு அது ஒரு சிரட்டையைத் தூக்கவும் தாய் விடவில்லை. சோறு ஊட்டுவாள், சட்டைக்குப் பொத்தான் பூட்டுவாள், முகம் கழுவித் துடைத்துப் பொட்டும் வைப்பாள். பிள்ளையின் கைகள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் மாதிரி ஒரு வேலையும் இல்லாமல் மடியில் கிடந்தன.

பிறகு அலுமாரி திறந்தது. கற்பூர வாசத்தோடு ஒரு பெட்டி வந்தது. பஸ்ரல் பெட்டி. பன்னிரண்டு மெழுகுக் கலர்க்குச்சிகள், கடதாசிச் சட்டை போட்டு, தலை கூராக, வரிசையாக. சண்டையில் கொழும்புப் பாதை பூட்டமுன்னம் இராசநாயகம் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. சவர்க்காரமும் மெழுகுதிரியும் கண்ணால் காணக் கிடைக்காத நாட்களில், முழுசாக ஒரு பஸ்ரல் பெட்டி வைத்திருந்த வீடு உடுவிலில் அதுவாகத்தான் இருக்கும்.

"வகுப்பிலை மற்றப் பிள்ளையளுக்கு ரீச்சர் என்ன குடுக்கிறா?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்கிறியள்! செங்கட்டித் துண்டு, அடுப்புக்கரி, மஞ்சள் கிழங்கு, செவ்வரத்தம்பூ. ஊத்தை! என்ரை பிள்ளை இந்தப் பெட்டியோடைதான் போகும். அழுத்தாமல் செய்ய வேணும் எண்டு சொல்லித்தான் விடுறனான். முடிஞ்சால் எங்கை வாங்கிறது?"

எங்கள் படிப்பு தொடங்கியது. கணித ஆசிரியன் எதையும் கணிதமாகத்தான் செய்வான். நேரசூசி போட்டேன். திங்கள் சிவப்பு, செவ்வாய் நீலம். முதல் நாள் நானே ஒரு கத்தரிக்காய் கீறி வர்ணம் தீட்டிக் காட்டினேன்.

அருந்ததி நெடுநேரம் பார்த்தாள். "சேர், உந்தக் கத்தரிக்காய்க்கு என்ன வருத்தம்?"

"வீக்கம்" என்றேன்.

அவள் குச்சியை உலக்கை பிடிக்கிற மாதிரி கைப்பொத்திக்குள் பிடித்தாள். முழங்கை மேலே நின்றது. விரல்கள் ஒன்றும் அசையவில்லை, தோள்தான் அசைந்தது. தாளில் விழுந்த நிறம் வெயிலில் மூன்று மாதம் கிடந்த சீலை மாதிரி இருந்தது. பின்னால் குணலட்சுமியின் குரல் ஓயவில்லை.

"மெல்ல மோனை, மெல்ல. சிவப்புத் தேயுது. நுனி மழுங்குது. இஞ்சை தா, அம்மா பிடிச்சு விடுறன்."

தாய் கையைப் பிடிப்பாள். ஐந்து நிமிடத்தில் மாம்பழம் முடிந்துவிடும். பிள்ளை யன்னலுக்கு வெளியே ஓணானைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் இரண்டு தரம் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். எங்கள் ஊரில் படிப்பிக்கிறதென்றால் அதுதானே; பிள்ளைக்கு விளங்காததை நாங்களே செய்துவிட்டு, பிறகு பிள்ளைக்கு விளங்கிவிட்டதென்று சொல்வது.

மூன்று கிழமை இப்படிப் போனது. அருந்ததியின் கோடுகள் வரவர மெலிந்தன. பால்கறி மட்டும் நன்றாக இருந்தது.

புரட்டாதி நடுவில் ஒரு பின்னேரம் பத்மாசினி ரீச்சர் சைக்கிளில் வந்து இறங்கினாள். மயிலிட்டிக்காரி. தொண்ணூறில் செல்லடிக்குப் பயந்து கடற்கரை முழுக்க எழும்பி ஓடிவந்தபோது தாயும் தகப்பனும் இரண்டு தம்பிமாருமாக இங்கே வந்து, யாரோ வீட்டுப் பின் விறாந்தையில் இருந்தபடி படிப்பிக்கிறாள். உரத்துக் கதைப்பாள். கடல் இரைச்சலுக்கு மேலே கதைத்துப் பழகிய குடும்பம்.

"அக்கா, மாம்பழம் பாத்தன். இந்த முறை மாம்பழத்துக்கு நரம்பும் ஓடுது" என்றாள், வாசலில் நின்றபடியே.

"இருங்கோ ரீச்சர். தேத்தண்ணி குடியுங்கோ" என்றாள் குணலட்சுமி. வாழ்த்தா, சண்டையா என்று விளங்காத குரல்.

"குடிக்கிறன். உது ஆர், நாகலிங்கம் மாஸ்டரோ? நீங்கள் ஓ.எல். படிப்பிக்கிறனீங்களெல்லே?"

"பதவி உயர்வு கிடைச்சிருக்கு ரீச்சர்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணியைக் குடித்தாள். பிறகு அருந்ததியைக் கூப்பிட்டு, அவளது உள்ளங்கையைத் தன் கையில் வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தாள். மீன் வாங்குகிறவர்கள் செவுள் பார்க்கிற மாதிரி ஒரு கவனம்.

"அக்கா, நான் ஏன் கலர் அடிக்கக் குடுக்கிறன் எண்டு நினைக்கிறியள்? பொழுது போக்கவோ?"

"எழுத்துப் படிப்பிக்க வேண்டிய நேரத்திலை கத்தரிக்காய் மாம்பழம் எண்டால் நாங்கள் என்ன நினைக்கிறது ரீச்சர்?"

"எழுதிறது விரல். கலரடிக்கேக்கை அந்த விரல் அழுத்தும், திரும்பும், கோட்டுக்கிட்டை வந்தால் நிக்கும். நூறு தரம் அப்பிடிச் செய்தால் பென்சில் தானாய் நிக்கும். படம் வடிவாய் வாறதைப் பற்றி எனக்கு ஒரு கவலையுமில்லை. எனக்கு வடிவில்லாத மாம்பழம்தான் வேணும்."

"அவளுக்கு ஏலாது ரீச்சர். காய்ச்சலுக்குப் பிறகு நரம்பு..."

"டொக்டர் சொன்னவரோ?"

குணலட்சுமி தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து வைத்தாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. பிள்ளையின்ரை கைக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்கடை கைதான் எப்பவும் முந்தி ஓடுது."

ரீச்சர் போன பிறகு குணலட்சுமி குசினிக்குள் போய்ப் பாத்திரங்களை வழமையைவிட உரத்துக் கழுவினாள். மார்க்கண்டு என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அன்று பால்கறிக்கு உப்புக் கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்து, நாலு நாள் அடித்த மழை தூறலாகிவிட்ட ஒரு பின்னேரம். செவ்வாய்க்கிழமை, நீலம். சந்திப் பக்கமிருந்து சத்தம் எழும்பியது: "பொம்மர்! பொம்மர்!" தோட்டத்திலிருந்து மார்க்கண்டு மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடிவந்தான். குணலட்சுமி ஒரு கையில் பிள்ளையையும் மற்றக் கையில் காணி உறுதி, பிறப்பத்தாட்சி எல்லாம் போட்ட பையையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். பஸ்ரல் பெட்டியைப் பைக்குமேல் வைத்திருந்தாள். பங்கர் வளவின் பின்பக்கம். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூடை. ஒரு முழக் கணக்கில் மழைத்தண்ணி வேறு. உள்ளே ஒரு பலகை. அவர்கள் மூவரும் உள்ளே போனார்கள். கடைசியாக நான்.

நான் ஒல்லியானவன் அல்ல. வானத்தில் இரைச்சல் வளைந்து இறங்கியதும், மற்றவர்கள் இறங்கிய படிகளில் நான் இறங்கவில்லை, விழுந்தேன். விழுந்த இடம் பலகைதான். ஆனால் பலகைக்கும் எனக்கும் இடையில் என்னவோ ‘நொறுக்’ என்றது.

குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. மண் உதிர்ந்தது.

"மாஸ்டர், எழும்புங்கோ" என்றாள் குணலட்சுமி.

எழும்பினேன். அவள் பெட்டியைத் திறந்தாள். பன்னிரண்டு குச்சிகளும் இப்போது முப்பது நாற்பது துண்டுகள். நீலம் நான்கு, சிவப்பு மூன்று. ஊதா என்று சொல்ல ஒரு சுண்டுவிரல் நகமளவு.

"மூண்டு வருசம்" என்றாள். "மூண்டு வருசமாய் ஒரு நுனி உடையாமல் வைச்சிருந்தனான்." மேலே பொம்மர் இரைந்துகொண்டிருக்க, அவள் பஸ்ரலுக்காக அழுதாள். பஸ்ரலுக்காக மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது.

"மச்சான், நீ பகைவன்ரை ஆளோடா?" என்றான் மார்க்கண்டு.

நெஞ்சு அடித்துக்கொண்டது. விமானத்துக்கா, குணலட்சுமிக்கா என்று பிரித்தறிய முடியவில்லை. பலகையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் தொடையில் சுருக்கென்று என்னவோ குத்தியது.

குனிந்து பார்த்தேன். எனக்கும் தாய்க்கும் நடுவில் நெருக்குப்பட்டுக்கொண்டிருந்த அருந்ததி, என் வெள்ளை வேட்டியில் நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது கடலைக்கொட்டை அளவு துண்டு. பொத்திப் பிடிக்க அதில் இடமில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும்தான் பிடித்தன. மற்ற இரண்டும் தானாக உள்ளே மடிந்துவிட்டன. துணி வழுக்கியபடியால் அவள் இன்னும் அழுத்தினாள். எனக்கு வலித்தது. இத்தனை கிழமையாகத் தாளில் விழாத அழுத்தம்.

"ஐயோ, மாஸ்டரின்ரை வேட்டி! அழுத்தாதை..." குணலட்சுமியின் கை பாய்ந்தது.

மார்க்கண்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "விடும்."

"வேட்டி..."

"வேட்டி போகட்டும். அவளின்ரை விரலைப் பாரும்."

அவள் பார்த்தாள். வாசலால் வந்த மங்கல் வெளிச்சத்தில் மூவரும் ஒரு சின்னக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பொம்மர் போய் நெடுநேரமாகியும் ஒருவரும் எழும்பவில்லை.

"சேர், ஆடாதேங்கோ" என்றாள் அருந்ததி. "கோடு கோணுது."

என் உடம்பின் பாரத்தால் இந்தச் சமூகத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை அது. பத்மாசினி ரீச்சரிடம் போய்ச் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். பிறகுதான் விளங்கப்படுத்தினாள். செங்கட்டியும் கரியும் சின்னச் சின்னத் துண்டு. மற்றப் பிள்ளைகள் அதை விரலால்தான் பிடித்தாக வேண்டும். அது கடினம்; அழுத்தினால்தான் நிறம் வரும். அருந்ததியிடம் மட்டும் நீளமான குச்சி. அதோடு அழுத்தக்கூடாதென்ற கட்டளை. வகுப்பிலேயே வசதியான பிள்ளை அவள்தான். அதுதான் அவளைக் கெடுத்தது.

"ஏன் ரீச்சர் முதலே உடைச்சு விடேல்லை?"

"குணலட்சுமி அக்காவின்ரை பெட்டியையோ? எனக்கென்ன உயிர் பாரமோ மாஸ்டர்?"

அதற்குப் பிறகு எனக்கு வேலை குறைவு. தாளைத் தரையில் போட்டுவிட்டு ஒதுங்கி இருப்பேன். கஷ்டமான வேலை குணலட்சுமிக்குத்தான். அவள் சும்மா இருக்கவேண்டியிருந்தது. முதல் நாள் அவள் தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்து, அதற்கு மேல் தானே ஏறி இருந்தாள். அப்படியும் ஒரு கை நழுவி வெளியே வந்தது. இரண்டாம் நாள் மார்க்கண்டு ஒரு கடகம் நிறைய வெங்காயத்தைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் கொட்டினான்.

"இஞ்சேரும், இதைப் பிடி கட்டவேணும்."

"மழை நாளிலை ஆர் பிடி கட்டிறது?"

"நான் சொல்லுறன், கட்டும்."

அவள் வெங்காயத் தாளை இணக்கி, நாரைச் சுற்றி, இறுக்கி, ஒவ்வொரு பிடியாகக் கட்டினாள். பிள்ளையின் துண்டு கோட்டைத் தாண்டும்போதெல்லாம் முடிச்சு இறுகியது. சில பிடிகளை அவிழ்க்க மார்க்கண்டுவுக்குக் கத்தி தேவைப்பட்டது.

"அம்மா, யானைக்கு என்ன கலர்?"

குணலட்சுமி வாய் திறந்தாள். என்னைப் பார்த்தாள். வாயை மூடினாள். "நீயே பார் மோனை."

யானை பச்சையாக வந்தது. அடுத்த கிழமை கோடு தாண்டாத ஒரு தேங்காய் வந்தது. அதற்கடுத்து மறுபடி தாண்டிய மூன்று. ஒரு நாள் பிள்ளை விரல் நோகுதென்று அழுது தாளை எறிந்தது. அன்று குணலட்சுமியும் அழுதாள். நான் எழும்பிப் போய் மாட்டைப் பார்த்தேன். மறுநாள் தாளைத் தேடி எடுத்தது பிள்ளைதான். ஆனால் பென்சிலைக் கொடுத்தால் பழையபடி கை பின்வாங்கும். "அது வேண்டாம் சேர். அது எழுத்துக்கு" என்பாள். கார்த்திகையில் எட்டு நாள்தான் மீதியிருந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை ரீச்சர் வரச்சொன்னாள். விடியமுதல் மழை. வகுப்பின் பாதிக் கூரை ஒழுகியது. பிள்ளைகளை மறுபாதியில் நெருக்கி இருத்தியிருந்தாள். பெற்றோர் உள்ளே வரக்கூடாதென்றாள். நாங்கள் மூவரும் ஒரு குடைக்குக் கீழே யன்னலோரம் நின்றோம். குடையில் எனக்கு நியாயமான பங்கு வேண்டுமென்றால் மற்ற இருவரும் நனையவேண்டும். ஆகவே நான் நனைந்தேன்.

ரீச்சர் ஒரு படிவத்தைத் திருப்பி மீனொன்று கீறினாள். அவள் மாம்பழம் கீறினாலும் வரவர அதற்குச் செட்டை முளைத்துவிடும். அருந்ததி செங்கட்டித் துண்டால் மீனைத் தீட்டினாள். கோடு இரண்டு இடத்தில் தாண்டியது. குணலட்சுமி என் கையைப் பிடித்திருந்தாள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும், நகம் பதிந்திருந்தது.

"வடிவு" என்றாள் ரீச்சர். "அருந்ததி, மீனுக்குப் பேர் வேண்டாமோ? ஆரின்ரை மீன் எண்டு ஆருக்குத் தெரியும்? உன்ரை பேரை எழுது." ஒரு பென்சிலை, கையால் முறித்த கட்டைப் பென்சிலை, மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு முதுகைத் திருப்பி வேறொரு பிள்ளையின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டாள்.

பிள்ளை பென்சிலைப் பார்த்தது. யன்னலைப் பார்த்தது. தாயைக் கண்டது.

குணலட்சுமி இரண்டு கைகளையும் சீலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டாள். தலையை ஆட்டவுமில்லை.

அருந்ததி பென்சிலை எடுத்தாள். மூன்று விரல். நாக்கு வெளியே வந்தது. சுழித்தாள், வளைத்துக் கீழே கொண்டுவந்தாள், குறுக்கே இழுத்தாள். கடைசிக் கோடு. மேலே வைத்து, மூச்சை அடக்கி, கீழே இழுத்தாள். தாள் ‘சர்’ என்று கிழிந்தது.

"கிழிச்சுப்போட்டாள்!" குணலட்சுமியின் குரல் உடைந்தது. ஒரு கொப்பிக்கு நாலு கடை ஏறி இறங்கிய நாட்கள். தாள் கிழிப்பது கன்னத்தில் அறை வாங்குகிற குற்றம். "போச்சு. எல்லாம் போச்சு."

ரீச்சர் வந்தாள். தாளைத் தூக்கினாள். கிழிசலுக்குள்ளால் வெளிச்சம் தெரிந்தது. அதை யன்னலுக்குக் கொண்டுவந்து, திருப்பி, பின்பக்கத்தை நீட்டினாள்.

"அக்கா, தடவிப் பாருங்கோ."

குணலட்சுமி ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு ஒரு விரலால் தொட்டாள். ‘அ’ மறுபக்கத்தால் புடைத்து நின்றது. அவளது விரல் அந்தச் சுழியில் போய், வளைந்து, குறுக்கே நடந்து, கிழிந்த இடத்தில் நின்றது.

"கூடின அழுத்தத்தை நான் குறைச்சு விடுவன். இல்லாததைத்தான் என்னாலை குடுக்கேலாமல் இருந்தது" என்றாள் ரீச்சர். "தையிலை ரெண்டாம் வகுப்புக்கு அனுப்புங்கோ."

மார்க்கண்டு குடையைக் கீழே விட்டான். இப்போது மூன்று பேரும் சமமாக நனைந்தோம். குணலட்சுமி அந்தத் தாளைத் தடவிக்கொண்டே நின்றாள். நான் ஏதாவது பகிடி சொல்லப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை, விழுந்த குடையை எடுத்து மடக்கினேன்.

உள்ளே மேசையில் ஒரு தட்டுத் தட்டும் சத்தம். அருந்ததி எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. பென்சில் அப்படியே மூன்று விரலில் இருந்தது.

"ரீச்சர், வேறை தாள் தாங்கோ. நான் இன்னும் ‘ரு’ எழுதேல்லை."